காந்தம் காட்டும் இடம், முகில் விடும் இடம்

நார்வேயின் ட்ரொம்சோ அருங்காட்சியகத்தில் இருக்கும் துருவ ஒளிக்கு முகில் தொல்லை கிடையாது. நண்பகலில் போய் நின்றாலும் பார்க்கலாம். ஊர் ஒரு தீவு. அதன் தென்முனையில் இருக்கிறது இந்தக் கட்டடம். உள்ளே ஒரு கண்ணாடித் தொட்டி. அதிலிருந்த காற்றை அநேகமாக முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். நடுவில் ஒரு உலோகப் பந்து, பந்தின் வயிற்றுக்குள் மின்காந்தம். மின்சாரத்தைச் செலுத்தியதும் தொட்டிக்குள் ஊதா நிறத்தில் ஒரு புகைச்சல் எழுகிறது.

காந்தம் வேலை செய்யாதபோது துகள்கள் நேராக வந்து பந்தின் ஒரு பக்கம் முழுவதையும் தாக்கும். காந்தத்தை இயக்கினால் அந்த வெளிச்சம் நடுப்பகுதியைக் கைவிட்டு, மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் என்று ஒதுங்கிக்கொள்ளும். பந்துதான் பூமி. மேல் வளையம் வடதுருவ ஒளி, கீழ் வளையம் தென்துருவ ஒளி. இருட்டாகக் கிடக்கும் இடுப்புப் பகுதியில்தான் நம் ஊர்களெல்லாம் இருக்கின்றன. துருவ ஒளி எங்கே தெரியும் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தத் தொட்டிக்குள் கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதிக்காக அன்று இரவு ஃபின்லாந்து எல்லை வரை போக வேண்டியிருந்தது.

இந்தப் பந்துக்கு டெரெல்லா என்று பெயர், குட்டிப் பூமி. இதை வைத்துத் துருவ ஒளியை ஆராய்ந்தவர் கிறிஸ்டியன் பிர்க்கலாண்ட். நார்வேயின் 200 குரோனர் தாளில் பல ஆண்டுகள் அவர் முகம் இருந்தது. சூரியனிலிருந்து கிளம்பும் மின்துகள்களைப் பூமியின் காந்தம் துருவங்களின் பக்கம் திருப்பிவிடுகிறது, அவை காற்றில் மோதித்தான் இந்த வெளிச்சம் வருகிறது என்று 1896 வாக்கில் சொல்லத் தொடங்கினார். சொன்னதோடு நிற்காமல் 1899-ல் ஆல்டா ஊருக்குப் பக்கத்தில் ஹால்டே மலையுச்சியில், 904 மீட்டர் உயரத்தில், கல்லால் ஒரு ஆய்வகம் கட்டி, குளிர்காலம் முழுக்க அங்கே தங்கினார். காற்று ஆளைத் தூக்கி எறியும் இடம். உதவியாளர் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்.

அவ்வளவு கஷ்டப்பட்டு அவர்கள் செய்த முக்கியமான வேலை, காந்த முள்ளைக் கவனிப்பது. வானத்தில் ஒளி ஆடும்போது தரையில் முள்ளும் ஆடும். எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு என்று குறித்து வைத்தார்கள். 1902–03-ல் ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், ரஷ்யாவின் நோவாயா ஜெம்லியா வரை நிலையங்களைப் பரப்பி, ஒரே நேரத்தில் அளந்தார். தலைக்கு மேல் பெரும் மின்னோட்டம் ஒன்று பாய்கிறது, அது காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு விண்வெளியிலிருந்து செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மேலேறிப் போகிறது என்ற முடிவுக்கு வந்தார். பெரிய விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. விண்வெளி வெறுமை, அங்கே ஏது மின்சாரம் என்றார்கள். 1917-ல் டோக்கியோவில் பிர்க்கலாண்ட் இறந்தபோது அவர் பக்கம் நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். அரை நூற்றாண்டு கழித்துச் செயற்கைக்கோள்கள் மேலே போய் அளந்தபோது, அவர் சொன்ன இடத்தில் மின்னோட்டம் இருந்தது. இன்று அதற்கு அவர் பெயர்தான்.

பிந்தைய ஆராய்ச்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. மின்காந்தத்தால் குண்டு வீசும் பீரங்கி ஒன்றைச் செய்து விற்கப் பார்த்தார். 1903-ல் கூட்டத்தைக் கூட்டிச் செய்து காட்டியபோது பீரங்கி குறுக்குச்சுற்றாகி, தீப்பிழம்பைக் கக்கிப் படுத்துவிட்டது. அந்தப் பிழம்பையே பயன்படுத்திக் காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக்கும் உலையைச் சாம் ஐடே என்ற பொறியாளரோடு சேர்ந்து உருவாக்கினார். 1905-ல் பிறந்த நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தின் வேர் அதுதான். வயலுக்குப் போட்ட உரத்தில் வந்த காசு, வானத்து வெளிச்சத்தை ஆராயப் போனது. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதற்கு இயற்பியலைவிட இந்த அலைச்சல்தான் காரணம்.

உயரத்தை அளந்தது இன்னொருவர். கார்ல் ஸ்டோர்மர் கணிதப் பேராசிரியர், பிர்க்கலாண்டின் டெரெல்லாவைப் பார்த்து அதில் விழுந்தவர். 1910-ல் ஆல்டாவை ஒட்டிய பொஸ்கோப்பில், சில கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இரண்டு கேமராக்களை வைத்தார். இடையில் தொலைபேசிக் கம்பி. "இப்போது" என்று சொன்னதும் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் படம் எடுப்பார்கள். ஒரே ஒளி, இரண்டு படங்களில், பின்னால் இருக்கும் விண்மீன்களிலிருந்து சற்று வேறுபட்ட தூரத்தில் விழும். அந்த வேறுபாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் உயரம் வரும். பெரும்பாலான ஒளியின் அடிவிளிம்பு தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் மேலே. முகில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆக, துருவ ஒளி ஒருபோதும் முகிலுக்குக் கீழே வராது. சுற்றுலா வந்தவர்கள் விடுதி வரவேற்பறையில் நின்று சண்டை போடுவதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

தொட்டிக்குள் காட்டாத சங்கதி ஒன்றும் உண்டு. பிர்க்கலாண்ட் நினைத்ததுபோல் துகள்கள் சூரியனிலிருந்து நேரே வந்து துருவத்தில் இறங்குவதில்லை. சூரியக் காற்று வினாடிக்கு 400 கிலோமீட்டர் போன்ற வேகத்தில் வீசிக்கொண்டே இருக்கிறது, இங்கு வந்து சேர நான்கு நாளுக்குச் சற்று மேல் ஆகும். பூமியின் காந்தப்புலம் அதை முன்பக்கம் தடுத்து, இரு பக்கமும் வழியவிடும். அப்படி வழியும் காற்று, பூமியின் இரவுப் பக்கத்தில் காந்தப்புலத்தை வாலாக இழுத்துக்கொண்டு போகிறது. இழுபட்ட காந்தக் கோடுகள் ஒரு கட்டத்தில் அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும்போது, அதில் சேர்ந்திருந்த ஆற்றல் எலெக்ட்ரான்களைப் பூமியை நோக்கித் திருப்பி எறிகிறது. நாம் பார்ப்பது பூமிக்குப் பின்னாலிருந்து வரும் அடி. அதனால்தான் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் ஆட்டம் அதிகம்.

சூரியக் காற்று கொண்டுவரும் காந்தத்துக்கும் ஒரு திசை உண்டு. அது தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தத்தோடு எளிதில் பிணைந்துகொள்ளும், கதவு திறக்கும். வடக்கு நோக்கி இருந்தால், எவ்வளவு வேகமாக வீசினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. இதை முன்கூட்டி அறிய, சூரியன் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்-1 என்ற புள்ளியில் விண்கலங்களை நிறுத்தியிருக்கிறார்கள். 2024 ஜனவரி 6 முதல் நம் ஆதித்யா எல்-1 கலமும் அங்கே இருக்கிறது. அந்தப் புள்ளியைத் தாண்டிய காற்று பூமிக்கு வர முக்கால் மணி, ஒரு மணி நேரம். உறுதியான முன்னறிவிப்பு என்று சொன்னால் அவ்வளவுதான். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தெரியுமா என்று கேட்பவருக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

இந்த வளையத்தின் மையம் பூமி சுழலும் அச்சின் துருவம் அன்று. புவிகாந்தத் துருவத்தைச் சுற்றி விழுகிறது. அந்தத் துருவம் வட அமெரிக்கா பக்கம் தள்ளியிருக்கிறது. தலையில் சும்மாட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்ததுபோல் என்று நினைத்துக்கொள்ளலாம். சாய்ந்த பக்கம் கனடாவில் நெற்றி வரை இறங்கும், சைபீரியா பக்கம் பின்னந்தலையில் ஏறி நிற்கும். வினிபெக் நகரம் 50 பாகையில் இருக்கிறது, மாஸ்கோ அதைவிட வடக்கே கிட்டத்தட்ட 56 பாகையில். ஆனால் துருவ ஒளி அடிக்கடி தெரிவது வினிபெக்கில். கனடாவின் யெல்லோநைஃப், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ், ஐஸ்லாந்து, கிரீன்லாந்தின் தென்பகுதி, நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து நாடுகளின் வடமுனை எல்லாம் அந்த வளையத்துக்குக் கீழே வருபவை. வளையத்துக்கு உள்ளே, துருவத்துக்கு நெருங்கிப் போனால் ஒளி குறையும். வடக்கே போகப் போக நன்றாகத் தெரியும் என்று நினைத்துக் காசு செலவழிக்க வேண்டாம். ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் மட்டும் ஒரு விதிவிலக்கு: அங்கே குளிர்காலத்தில் பகலிலும் இருட்டு என்பதால், பூமியின் பகல் பக்கத்தில் இறங்கும் மெல்லிய ஒளியை மதியவேளையில் பார்க்கலாம்.

இதற்கு எதிர்க்கோடி எங்கே என்று தேடினால் திருநெல்வேலிக்கு வர வேண்டும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. மேலும் கீழும் ஆடக்கூடிய காந்த முள் ஒன்றைத் திருநெல்வேலியில் தொங்கவிட்டால் அது அநேகமாகத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். ட்ரொம்சோவில் அதே முள் 78 பாகை அளவுக்குச் சரிந்து, ஏறத்தாழ செங்குத்தாக நிற்கும். துகள்கள் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வருபவை. கோடு தரைக்குள் இறங்கும் இடத்தில் அவை இறங்கும். கோடு தலைக்கு மேலே படுத்தவாக்கில் போகும் இடத்தில் அவற்றுக்கு இறங்க வழியில்லை. திருநெல்வேலியில் வெயில் அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, குளிர் இந்தக் கதையில் ஒரு பாத்திரமே அன்று.

ஆனால் நடுக்கோட்டுக்கும் தனி மின்னோட்டம் உண்டு. பகலில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் அது ஓடுகிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது அதற்காகத்தான். கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும் அதற்காகவே. அங்கிருந்து முதல் ராக்கெட் போனது 1963 நவம்பர் 21. அதற்கு முந்தைய ஆண்டு, 1962 ஆகஸ்டில், ட்ரொம்சோவுக்குத் தென்மேற்கே ஆண்டோயா தீவிலிருந்து துருவ ஒளிக்குள் கருவிகளை அனுப்பும் ஆய்வுக்கான முதல் ராக்கெட் கிளம்பியது. ஒன்று மீனவர்களின் தென்னந்தோப்பு, மற்றது மீனவர்களின் பனிக்கரை. இரண்டு இடத்தையும் தேர்ந்தெடுத்தது காந்த முள்.

மாலையில் என்னை ஏற்றிக்கொள்ள வந்த அண்ணா இந்தக் கணக்கையெல்லாம் ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

"கேபி, கேபி எண்டு எல்லாரும் ஃபோனைப் பாத்துக்கொண்டு நிக்கினம். இஞ்ச கேபி ஒண்டு எண்டாலும் காணும் தம்பி. முகிலைப் பாருங்கோ. முகில்தான் இஞ்ச ராசா."

அறுபதை நெருங்கும் வயது. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் வந்து, ஃபின்மார்க் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் இந்த வடகோடி மீன்பிடி ஊர்கள் பலவற்றில் ஈழத்தமிழர்கள் காட் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு பெரும்பாலானோர் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சொந்தங்களுக்காகவும் ஒஸ்லோ பக்கம் இறங்கிவிட்டார்கள். இவர் ட்ரொம்சோவரை இறங்கி நின்றுவிட்டார். இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறார். நண்பரின் நண்பர் என்ற உரிமையில் என் இரவு அவர் தலையில் விழுந்தது.

அவர் சொன்ன கேபி என்பது உலகெங்கும் உள்ள காந்த நிலையங்களின் அளவைச் சேர்த்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தரும் எண். 0 முதல் 9 வரை. எண் ஏற ஏற வளையம் விரிந்து தெற்கே இறங்கும். லண்டனிலோ பெர்லினிலோ இருப்பவருக்கு அந்த எண் முக்கியம். ட்ரொம்சோவோ சாதாரண நாளிலேயே வளையத்துக்குக் கீழே இருக்கிறது. எண் மிகவும் ஏறினால் ஆட்டம் தலையைத் தாண்டித் தெற்கே போய்விடவும் கூடும்.

2024 மே 10 இரவு நடந்தது இதில் வேடிக்கையானது. இருபது ஆண்டுகளில் காணாத காந்தப் புயல். லடாக்கின் ஹான்லே வானாய்வகத்துக் கேமராக்கள்கூட அடிவானத்தில் சிவப்பைப் பிடித்தன. அங்கே சிவப்பு மட்டும் தெரிந்ததற்குக் காரணம், உயரம். பச்சை 100, 150 கிலோமீட்டரில் எரிவது, அவ்வளவு தெற்கே இருப்பவருக்கு அது பூமியின் வளைவுக்குள் மறைந்துபோகும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே எழும் சிவப்பு மட்டும் எட்டிப் பார்க்கும். உலகமே அண்ணாந்து படம் எடுத்த அந்த இரவில் ட்ரொம்சோக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மே நடுவில் இங்கே சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்கியதும் இறங்காததுமாக ஏறிவிடும். இருட்டு என்பதே இல்லை. "பிள்ளையள் ஒஸ்லோவில இருந்து படம் அனுப்பினவை" என்றார் அண்ணா. "எங்களுக்கு இங்க நல்ல வெளிச்சம், கர்ட்டினை இழுத்து மூடிப்போட்டுப் படுத்தனாங்கள்."

நாங்கள் கிளம்பியது மார்ச் மாதம். ட்ரொம்சோ 69.6 பாகையில் இருந்தாலும் அட்லாண்டிக் வெந்நீரோட்டம் கரையைத் தடவிக்கொண்டு போவதால் துறைமுகம் உறைவதில்லை, குளிரும் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. இந்தச் சலுகைக்குக் கொடுக்கும் விலைதான் முகில். ஈரக்காற்று கடலிலிருந்து வந்து மலையில் முட்டி, ஊர் மேலேயே படுத்துக்கொள்கிறது. அன்றும் வானம் முழுக்கச் சாம்பல். பாலத்துக்கு அப்பால் கேபிள் காரில் 421 மீட்டர் மேலே போய்க் காத்திருந்தவர்கள் முகிலுக்குள்ளேயே நின்றிருப்பார்கள். வானிலைச் செயலியின் முகில் வரைபடத்தை அண்ணா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கரை முழுக்க வெள்ளை. ஃபின்லாந்து எல்லைப் பக்கம் ஒரு ஓட்டை.

"உங்க போவம்" என்றார். "லிங்கன் மலையள் ஈரத்தை எல்லாம் பிடிச்சுப்போடும். அங்கால வரண்ட காத்து."

தெற்கே இறங்கி பால்ஸ்ஃபியோர்டை ஒட்டி ஒரு மணி நேரம். ஆணி பதித்த டயர்கள் உறைபனியில் கரகரவென்று சத்தம் போட்டன. சாலையில் எங்களுக்கு முன்னும் பின்னும் சிற்றுந்துகள், எல்லாவற்றிலும் எங்களைப் போலவே ஓட்டை தேடிப் போகும் பயணிகள். இதற்கு இங்கே துரத்துவது என்றுதான் பெயர். வழிகாட்டிகளின் திறமை துருவ ஒளி அறிவில் இல்லை, மலைக்கணவாய்களில் எந்தப் பக்கம் காற்று இறங்குகிறது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது. ஸ்வீடனின் அபிஸ்கோ பேர் வாங்கியதும் இதனால்தான். மேற்கே உள்ள மலைகள் ஈரத்தைத் தடுத்துவிடுவதால், டோர்னட்ரஸ்க் ஏரியின் மேல் வானம் திறந்துகொள்ளும். காந்தம் எல்லோருக்கும் பொது, மலை சிலருக்கு மட்டும்.

நூர்க்யோஸ்பொட்னில் திரும்பி, கடற்கழியை விட்டு ஷிபொட்ன் பள்ளத்தாக்குக்குள் ஏறத் தொடங்கியபோது வெப்பமானி ஐந்து ஐந்தாக இறங்கியது. இந்தப் பக்கத்தில்தான் பல நாடுகள் சேர்ந்து ஐஸ்காட் ராடாரின் புதிய நிலையத்தை எழுப்பியிருக்கின்றன. பெரிய கிண்ணம் எதுவும் இல்லை. தரையில் பரப்பி வைத்த ஏறத்தாழ 10,000 சிறு ஆண்டெனாக்கள். எல்லாம் சேர்ந்து மேல் வளிமண்டலத்தில் எலெக்ட்ரான்களின் அடர்த்தியை முப்பரிமாணத்தில் அளக்கும். வானாய்வகம் ஒன்றும் இங்கே இருக்கிறது. வானம் எங்கே அதிகம் திறந்திருக்கும் என்பதை விஞ்ஞானிகளும் அண்ணாவைப் போலத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லையைத் தாண்டியபோது யாரும் நிறுத்தவில்லை. கடிகாரம் மட்டும் ஒரு மணி நேரம் முன்னே குதித்தது. கில்பிஸ்யார்விக்குச் சற்று முன்னால், உறைந்த ஏரிக்கரையில் வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி விளக்கை அணைத்தார். கழித்தல் 17. விண்மீன்கள் தரைவரை இறங்கி வந்திருந்தன.

வடக்கே, அடிவானத்துக்கு மேலே, ஒரு வெளிறிய பட்டை. மெல்லிய முகில் என்று சொல்லலாம். நிறம் எதுவும் இல்லை. கைபேசியை மூன்று நொடி அசையாமல் பிடித்தால் திரையில் அழுத்தமான பச்சை வருகிறது. கண்ணுக்குச் சாம்பல், கேமராவுக்குப் பச்சை. இருட்டில் வேலை செய்யும் நம் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. வெளிச்சம் ஓரளவு கூடினால்தான் நிறம் அறியும் செல்கள் விழிக்கும். பயண நிறுவனங்கள் ஒட்டும் சுவரொட்டிகள் எல்லாம் கேமரா பார்த்ததை நம் கண்ணின் பேரில் விற்பவை. அதை நம்பி வந்து, சாம்பல் பட்டையைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று வண்டிக்குள் ஏறிக்கொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணா தன் கைபேசியில் வேறொன்றைக் காட்டினார். ட்ரொம்சோ பல்கலைக்கழகத்தின் காந்தமானி வரையும் கோடு, நிமிடத்துக்கு நிமிடம் வலையில் வெளியாகிறது. ஹால்டே மலையில் பிர்க்கலாண்டின் ஆட்கள் விறைத்த விரல்களால் குறித்த அதே முள்ளின் ஆட்டம்தான் இது. மாலை முழுக்கப் படுத்துக்கிடந்த கோடு, இப்போது கீழே வளையத் தொடங்கியிருந்தது. தலைக்கு மேல் மேற்கு நோக்கி மின்னோட்டம் பலக்கிறது என்று அர்த்தம்.

"வெளிக்கிட்டுது" என்றார்.

பட்டையின் கிழக்கு முனை பிரகாசமாகி, அங்கிருந்து ஒரு வெளிச்சம் மேற்கே ஓடியது. ஓடிய வழியெல்லாம் பட்டை நிமிர்ந்து செங்குத்துக் கீற்றுகளாகப் பிரிந்தது. இப்போது கண்ணுக்கே பச்சை, சந்தேகமில்லாத பச்சை. ஒரு மடிப்பு உருவாகி, அது தன்மேல் மறுபடி மடிந்து, ஏரிக்கு மேலே வந்தது. அடிவிளிம்பில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு எரிந்து எரிந்து மறைந்தது. நான் எதிர்பார்க்காதது வேகம். படங்களைப் பார்த்து அது அசையாத ஒன்று என்ற எண்ணம் மனதில் பதிந்துபோயிருந்தது. இங்கே, தலையைத் திருப்புவதற்குள் பாதி வானத்தைக் கடந்துவிடுகிறது. சிற்றுந்துகளில் வந்தவர்கள் கத்தினார்கள், யாரோ அழுதார்கள். யாரும் சீழ்க்கை அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது, அடித்தால் ஒளி இறங்கி வந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்பது இந்த நிலத்தின் பூர்வகுடிகளான சாமி மக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருப்பது.

நிறங்களுக்கான காரணம் காற்றின் அடர்த்தியில் இருக்கிறது. எலெக்ட்ரான் வந்து மோதியதும் ஆக்சிஜன் அணு ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. அதைப் பச்சையாக, 557.7 நானோமீட்டர் ஒளியாக, விட்டுவிட அதற்கு முக்கால் நொடி ஆகும். சிவப்பாக விடுவதற்கோ ஏறக்குறைய 110 நொடி வேண்டும். அணு உலகத்தில் அது ஒரு யுகம். கீழே காற்று அடர்ந்த இடத்தில் அவ்வளவு நேரம் ஒரு அணுவை யாரும் சும்மா விடமாட்டார்கள். வேறொன்று இடித்து அந்த ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும். 200 கிலோமீட்டருக்கு மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில்தான் சிவப்புக்கு வாய்ப்பு. இன்னும் இறங்கி 100 கிலோமீட்டருக்கும் கீழே போனால் பச்சைக்கே நேரம் போதாது, அங்கே நைட்ரஜன் உடனடியாக எரிந்து இளஞ்சிவப்பும் ஊதாவும் காட்டும். அடிவிளிம்பில் அந்தக் கோடு தெரிந்தால், வந்த எலெக்ட்ரான்கள் வழக்கத்தைவிட வேகமானவை, ஆழமாக ஊடுருவியவை. அருங்காட்சியகத் தொட்டி ஊதாவாக இருந்ததும் நைட்ரஜனால்தான்.

பிறகு அது தலைக்கு நேர்மேலே வந்தது. கீற்றுகள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து விரிந்து நாலாபக்கமும் கொட்டுவதுபோல் தெரிந்தது. உண்மையில் அவை ஒன்றுக்கொன்று இணையாக, காந்தக் கோடுகள் போகும் போக்கில் நிற்பவை. ரயில் தண்டவாளம் தூரத்தில் கூடுவதுபோல் கண்ணுக்குக் கூடுகின்றன, அவ்வளவே. அந்தக் கூடும் புள்ளி சரியாக உச்சியில் இருக்கவில்லை, தெற்கே சற்றுத் தள்ளியிருந்தது. இங்கே தொங்கவிட்ட காந்த முள் எந்தச் சரிவில் நிற்குமோ, அதே சரிவு. கருவி எதுவும் இல்லாமல் பூமியின் காந்தத்தைக் கண்ணால் பார்ப்பது இந்த ஒரு சமயத்தில்தான் முடியும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. கழுத்து வலித்தது, வாயைத் திறந்தபடி நின்றதில் பல் கூசியது.

"உந்த ஃபோனை உள்ளுக்கு வையுங்கோ" என்றார் அண்ணா. "நான் வந்த புதுசில ஃபக்டரியில இரவு வேலை. இடைவேளைக்கு வெளியில வந்தா மேல பச்சையா ஓடும். சிகரெட் பத்திறவங்கள் ஒருத்தனும் நிமிந்து பாக்கமாட்டான். நான்தான் விசரன் மாதிரிப் பாத்துக்கொண்டு நிப்பன்."

சற்று நேரத்தில் எல்லாம் உடைந்து, வானம் முழுக்கத் திட்டுத் திட்டாக, அணைந்து எரிந்து அணைந்து கிடந்தது. பெரிய ஆட்டத்துக்குப் பிறகு வருவது இந்தத் துடிப்பு. பெரும்பாலான பயணிகள் இதற்குள் வண்டியேறிவிட்டார்கள். எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், எப்போது வருவது நல்லது என்று ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று பேசிக்கொண்டு வந்தோம். செப்டம்பர் முதல் மார்ச் கடைசி வரை இருட்டு உண்டு. டிசம்பரில் இருட்டு மிகுதி, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை ட்ரொம்சோவில் சூரியன் எழுவதே இல்லை. ஆனால் காந்தப் புயல்கள் அதிகம் வருவது இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பரை ஒட்டி. அப்போது சூரியக் காற்றின் காந்தம் பூமியின் காந்தத்தோடு பிணைய வாகான கோணம் அமைகிறது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி 2024-ல் உச்சம் தொட்டது. அதனால் இனி வீண் என்று ஆகாது. உச்சத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் சூரியனின் வெளிமண்டலத்தில் நிலைத்து நிற்கும் துளைகளிலிருந்து வேகக் காற்று வீசும். சூரியன் சுழன்று 27 நாளைக்கு ஒருமுறை அதே துளையை நம் பக்கம் திருப்பும். இன்று நன்றாகத் தெரிந்தால் 27 நாள் தள்ளியும் நாட்காட்டியில் ஒரு குறி போட்டு வைக்கலாம். வளையத்துக்குக் கீழே இருக்கும் ஊர்களில் மந்தமான ஆண்டிலும் தெரியும். பல இரவுகள் தங்க வேண்டும், வண்டி வேண்டும். ஒரே இரவு மட்டும் வைத்துக்கொண்டு வருபவர் முகிலோடு சூதாடுகிறார்.

இதற்காக மட்டுமே இவ்வளவு தூரம் வரலாமா என்று அண்ணாவைக் கேட்டேன்.

"மீன் நல்லா இருக்கு" என்றார்.

பால்ஸ்ஃபியோர்ட் பக்கம் வந்தபோது முகில் அங்கங்கே கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலுக்குள் மறுபடி பச்சை ஓடியது, எல்லையில் பார்த்ததற்குக் குறைவில்லாமல். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். அண்ணா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினார். வண்டியை நிறுத்தவில்லை. காலை ஐந்தரைக்கு அவர் பஸ் எடுக்க வேண்டும்.